அறுபது பேருக்கு ஒரே முதுகுவலி

கடுகுக்கு மூக்கின் மேல் கோபம் என்று கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. மூக்கின் மேல் அவ்வளவு இடம் கிடையாது. அவளுடைய கோபத்தில் பெரும்பகுதி ஒரு சொற்பொழிவாக மனப்பாடத்தில் இருந்தது. "எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்" என்று அது தொடங்கும். புத்தகத்தைத் திருப்பித் தரச் சொன்ன நூலகரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொன்ன நடத்துனரிடம் சொல்லியிருக்கிறாள். தவறான எண்ணுக்கு அழைத்துவிட்ட ஒரு பாவப்பட்ட மனிதரிடம்கூட முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

ஆள் குட்டை. சூடு பட்டால் வெடிப்பாள். அதனால் கடுகு. சிறுத்தாலும் காரம் போகாது என்ற பழமொழியே தன்னை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தத் திங்கட்கிழமை வந்த கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள். சமூகவியல் முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டில் அவள் இணைத்திருந்த அறுபது கேள்விப்படிவங்களையும் அவளே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டதாகச் சந்தேகம் எழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக் குழு முன் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால் பட்டம் நிறுத்தப்படும்.

பட்டம் நின்றால் இன்னொன்றும் போகும். வேறோர் ஊரிலிருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முந்நூறு பேர் தேர்வெழுதி நான்கு பேர் தேறிய இடம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அசல் சான்றிதழோடு போய் நிற்க வேண்டும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தாவரவியல் ஆய்வகத்துக்கு ஓடினாள். அங்கே அவள் தோழி ஒருத்தி சாக்கடைத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து வைத்துப் பாசி வளர்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக அதே வேலை. அவளுக்குப் பெயரும் பாசிதான்.

"நானே எழுதிக்கிட்டேன்னு சொல்றாங்கடி! என்னைப் போயி!"

பாசி குடுவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதினியா?"

"நீயுமா?"

"சும்மா கேக்குறேன். நான்கூட ஒரு ஞாயித்துக்கிழமை வர சோம்பல்பட்டு, சனிக்கிழமை அளவையே போட்டுட்டேன். பாசி ஒண்ணும் கோவிச்சுக்கலை."

"அதுல ஒரு கோடுகூட நான் போட்டதில்லை. சத்தியமா. அறுபது பேரும் அவங்கவங்க கையால போட்டது."

"அப்புறம் என்ன பயம்? அவங்க எழுதும்போது நீ பக்கத்துல இருந்தேல்ல?"

கடுகு கடிதத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள்.

"இருந்தியா இல்லியாடி?"

"உன் பாசி வளரும்போது நீ பக்கத்துலயே நிக்கிறியா?" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள் கடுகு. படி இறங்கும்போதுதான், பாசி நான்கு வருடமாகப் பக்கத்திலேயேதான் நிற்கிறாள் என்பது உறைத்தது.

நடந்தது இதுதான். வகுப்பில் மற்றவர்கள் இளைஞர்களும் கைப்பேசியும், மாணவர்களும் மன அழுத்தமும் என்று உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடக்கூடிய தலைப்புகளாக எடுத்தபோது, கடுகு எழுந்து நின்று அவர்களுக்கு "நாற்காலி ஆராய்ச்சியாளர்கள்" என்று பட்டம் சூட்டினாள். அவள் எடுத்தது சலவைக்கூடம். நகரத்து மருத்துவமனைகளின் விரிப்புகள், உறைகள், அறுவை அங்கிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து, வெந்து, பிழியப்பட்டு, சூட்டு உருளையில் நசுங்கி உலர்ந்து, மடிப்பு மேசைக்கு வரும் இடம். அங்கே நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் பெண்களின் உடல்வலி பற்றிய ஆய்வு. அவளுடைய அம்மா பத்தொன்பது வருடமாக அந்த மடிப்பு மேசையில்தான் நிற்கிறாள். "இந்த வலியைக் கேட்க என்னால் மட்டுமே முடியும். ஏனெனில் நான் அந்த வலியின் மகள்" என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதினாள். எழுதிவிட்டுத் தானே இரண்டு முறை வாசித்துக் கண்கலங்கினாள்.

வலியின் மகள் சலவைக்கூடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போனாள்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, முகத்தில் ஆய்வாளருக்குரிய கடுமை. உள்ளே நுழைந்த அரை நிமிடத்தில் மூன்றும் போயின. "ஐயோ, நம்ம மேசைக்காரி பொண்ணா இது! மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்குமே!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி அட்டையைப் பிடித்திழுத்துப் புகைப்படத்தைப் பார்த்து, "இதுல எதுக்குடி இப்படி முறைச்சிருக்கே?" என்றாள். "உங்கள் பணிச்சூழல் குறித்து" என்று கடுகு ஆரம்பித்தாள். "சூழல் கெடக்கட்டும், மாப்பிள்ளை பார்க்குறாங்களா?" என்றது நீராவிக்குள்ளிருந்து ஒரு குரல். சும்மா நிற்கிறாளே என்று விரிப்பின் ஒரு முனையைக் கையில் திணித்தார்கள். அவள் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்கள். எட்டு முழ விரிப்புக்கும் அவளுக்கும் நடந்த போரை அறுபது பேரும் வேலையை நிறுத்தி வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

அங்கேதான் கடுகு வெடித்தாள். வீட்டுக்கு வந்து படிவக் கட்டை அம்மாவின் மடியில் போட்டு, "இதை எல்லார்கிட்டயும் கொடுத்து வாங்கிட்டு வா. ஒரு வாரத்துல வேணும்" என்றாள். அந்த ஒரு வாரமும் நூலகத்தின் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, அனுபவமே அறிவின் ஊற்று என்று இரண்டாம் அத்தியாயம் எழுதினாள்.

படிவங்கள் வந்தன. ஒரு மடிப்பு இல்லாமல், விளிம்போடு விளிம்பு ஒட்டி, வரிசை எண்படி. கணினியில் ஏற்றினாள். பதிலுக்குப் பதில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று காட்டும் கட்டத்தில் பூஜ்யம் வந்தது. அடுத்த கேள்விக்கும் பூஜ்யம். இருபத்து நான்கு கேள்வி, இருபத்து நான்கு பூஜ்யம். வயதும் பணியாண்டும்தான் ஆளுக்கு ஆள் மாறின. மற்றபடி அறுபது பேருக்கும் முதுகுவலி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள், மூன்று. அறுபது பேருக்கும் அது வாரத்தில் இரண்டு நாள். அறுபது பேருக்கும் ஓய்வு நேரம் "ஓரளவு போதும்".

புள்ளியியலில் அரிச்சுவடி தெரிந்த யாரும் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள். கடுகு புதுப் பேனா எடுத்தாள். முதலில் கணினியைத் திட்டினாள். பிறகு ஞானோதயம் வந்தது. இது பிழையல்ல, கண்டுபிடிப்பு! உழைப்பவர்களின் வலி ஒன்றே. உடல்கள் அறுபது, வலி ஒன்று. "வலியின் ஒருமை" என்று தலைப்பிட்டுப் பதினொரு பக்கம் எழுதினாள். மேல்தட்டு ஆய்வாளர்கள் எவர் கண்ணுக்கும் இது புலப்படாததில் வியப்பில்லை என்று அடிக்குறிப்பில் ஒரு குத்தும் வைத்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில், எல்லோரும் எழுதும் ஒரு வாக்கியத்தை அவளும் எழுதினாள்: "ஆய்வாளர் ஒவ்வொரு பெண்ணையும் நேரில் சந்தித்து, தனித்தனியாகப் படிவங்களை நிரப்பினார்." அவளுடைய கைடு மேடம் அப்போது கல்லூரி ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்காகச் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதில் மும்முரமாக இருந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மாலை அம்மா வேலை முடிந்து வந்து, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருந்தாள். கடுகு கதவைச் சாத்திய சாத்தில் வாளித் தண்ணீர் அலையடித்தது.

"அம்மா, அந்த ஃபாரத்தை எல்லாம் யாரு எழுதினது?"

"அவங்கவங்கதான். ஏன்?"

"அப்புறம் எப்படி அறுபதும் ஒரே மாதிரி இருக்கு?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இருக்கா? ஒண்ணுகூட மாறலையா? கஷ்டப்பட்டோம்டி. மூணு நாள் சாப்பாட்டு நேரம் அதுக்கே போச்சு. எங்க லீடரக்கா ஒவ்வொரு கேள்வியா சத்தமா படிப்பா. எல்லாரும் பேசுவோம். முடிவானதும் ஒண்ணா டிக் அடிப்போம். கடைசியா நான் ஒவ்வொரு தாளா சரிபார்த்தேன்."

"சரிபார்த்தியா?"

"பின்ன? புதுசா சேர்ந்தவ ஒருத்தி அவ இஷ்டத்துக்கு அஞ்சு போட்டு வச்சிருந்தா. ரப்பர் வச்சு அழிச்சுத் திருத்தினேன். உனக்கு மார்க் குறையக் கூடாதுல்ல?"

கடுகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது பரீட்சை இல்லம்மா! ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு வலின்னு கேட்டா, அவங்கவங்க வலியைத்தானே போடணும்? இதைப் போயி கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்களா?"

"பேசாம எப்படிப் போடுறது?" அம்மாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "தாள் வந்தா நாங்க அப்படித்தான் போடுவோம்."

பிறகுதான் கதை வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் சலவைக்கூடத்தில் இதே மாதிரி ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன குறை இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்றார்கள். மூன்று பேர் தயங்காமல் எழுதினார்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து இருக்கிறதே. அடுத்த வாரம் மூன்று பேரும் அழுக்குப் பிரிக்கும் அறைக்கு மாற்றப்பட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தது வந்தபடி மூட்டையைப் பிரித்துக் கொட்டும் அறை அது. ரத்தம், சீழ், சில நாள் உள்ளே உடைந்த ஊசி. ஒருத்தி ஊசி குத்தி ஆறு மாதம் மருந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் மடிப்பு மேசையில் ஒரே பதில்தான்.

"தனியா ஒருத்தி எழுதினாதானே அவ மாட்டுவா? எல்லாரும் ஒண்ணே எழுதினா யாரைத் தூக்கி எங்க போடுவான்?" என்றாள் அம்மா. "வலியே இல்லைன்னு போட்டா உனக்குப் பிரயோஜனம் இல்ல. அஞ்சு போட்டா எங்களுக்கு ஆபத்து. அதான் மூணு. அந்த மூணுக்கு அரை மணி நேரம் சண்டை. லீடரக்கா ரெண்டே போதும்னா. நான்தான் விடலை. என் பொண்ணு ஆராய்ச்சிக்குக் கொஞ்சமாச்சும் வலி வேணும்னு அடம்பிடிச்சு ஒண்ணு ஏத்தினேன்."

கடுகுக்கு இருட்டில் கதவு தெரிந்த மாதிரி இருந்தது. துள்ளி எழுந்தாள். "தப்பிச்சேன்! இதையே வெள்ளிக்கிழமை சொல்றேன். நான் எழுதலை, நீங்க பயந்து எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி போட்டீங்க. வேணும்னா அந்த லீடரக்கா வந்து சாட்சி சொல்லட்டும். அவ்வளவுதான், முடிஞ்சது."

அம்மா வாளியிலிருந்து காலை எடுத்தாள். துடைக்கவில்லை.

"அந்த முடிவுத் தாள் மேனேஜருக்குப் போகும்ல?"

"எந்தத் தாள்?"

"நீதானேடி அவர்கிட்ட லெட்டர் கொடுத்தே? ஆராய்ச்சியில வர்றது எல்லாத்துக்கும் ஒரு காப்பி கொடுப்பேன்னு. அவர் அதைக் கண்ணாடி பிரேம் போட்டு ரூம்ல மாட்டாத குறை. பார்க்குறவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறார்."

கொடுத்திருந்தாள். அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில் அந்த வரியை யாரும் கேட்கவில்லை. ஒரு கனம் வரட்டுமே என்று அவளாகவே சேர்த்தது. "ஆய்வு தொடர்பான அனைத்து முடிவுகளும் நடவடிக்கைக் குறிப்புகளும் தங்கள் மேலான பார்வைக்கு அனுப்பப்படும்." நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது நுணல் கூட இல்லை, விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் கெட்ட ஜென்மம்.

"சொல்லாதேன்னு நான் சொல்லலை" என்றாள் அம்மா, காலைப் பார்த்துக்கொண்டே. "உன் படிப்பு. நீ பார்த்துக்கோ."

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் கடுகு மூன்று விதமாகத் தீர்மானித்தாள். சொல்லிவிடுவது. சொல்லாமல், தானே எழுதியதாக ஒப்புக்கொண்டு தியாகி ஆவது. இது இரண்டு நிமிடம்தான் இனித்தது. மூன்றாவது, எழுந்து நின்று அந்தச் சொற்பொழிவை நிகழ்த்தி, குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. மூன்றாவதைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தாள். நன்றாகவே வந்தது. என்ன ஒன்று, அதில் படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விசாரணைக் குழுவில் மாணவியின் துறையைச் சேர்ந்த யாரும் இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. பாரபட்சம் வந்துவிடுமாம். அதனால் சமூகவியல் ஆய்வேட்டை விசாரிக்க விலங்கியலிலிருந்து பூச்சி சார், வரலாற்றிலிருந்து கல்வெட்டு மேடம், கட்டடப் பொறியியலிலிருந்து கான்கிரீட் சார் ஆகிய மூவர் வந்திருந்தார்கள். பட்டப்பெயர்கள் மாணவர்கள் வைத்தவை. கைடு மேடம் ஓரத்தில், தன்னை யாரும் கவனிக்காத கோணத்தில் உட்கார்ந்திருந்தார்.

கான்கிரீட் சார்தான் ஆரம்பித்தார். "ஒரே கலவையில வார்த்த அறுபது கட்டையை உடைச்சுப் பார்த்தாக்கூட எனக்கு அறுபது எண் வரும்மா. உனக்கு எப்படி ஒண்ணே வந்துச்சு?"

"பூச்சியில இப்படி வந்தா, எல்லாம் ஒரே முட்டைக் கூட்டிலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம்" என்றார் பூச்சி சார் உற்சாகமாக. அவருக்கு எதுவுமே பூச்சியில் போய்த்தான் முடியும். "கொளவியில ஒரு வகை இருக்கு..."

"கொளவி அப்புறம் சார்" என்றார் கான்கிரீட் சார். "சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாதவளுக்கும் மூணு, இருபது வருஷமா நிக்கிறவளுக்கும் மூணு. இதை நம்பச் சொல்றியா?"

கடுகு வாயைத் திறந்தாள். சொற்பொழிவு நாக்கின் நுனிவரை வந்து நின்றது. "எங்க குடும்பத்துல..." என்றாள். மூன்று பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். குடும்பத்தில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்வது? அம்மா ரப்பரால் அழித்தாள் என்றா?

அந்நேரம் பார்த்துக் கல்வெட்டு மேடம் கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். சிதைந்த கல்லில் எழுத்துத் தேடியே பழகிய கண். ஒரு படிவத்தை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"நாப்பத்தி ஏழாவது படிவம். இதுல அழிச்ச தடம் இருக்கு. இப்போ மூணுல டிக் இருக்கு, ஆனா முதல்ல அஞ்சுல இருந்திருக்கு. அழுத்தமா போட்டிருக்காங்க, தாளே பள்ளமாயிருக்கு." கண்ணாடிக்கு மேலாகக் கடுகைப் பார்த்தார். "அஞ்சு போட்டது ஒரு கை. மூணு போட்டது வேற கை. அப்போ இதை நீ வீட்ல உட்கார்ந்து எழுதலை. யாரோ ஒருத்தி நிஜமாவே அஞ்சுன்னு சொல்லியிருக்கா. யாரும்மா மாத்தினது? ஏன்?"

தப்பிக்கும் கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை எதிராளியே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாக்கியம் போதும். சான்றிதழ், ஒன்றாம் தேதி, பெரிய பல்கலைக்கழகம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன. இந்தப் பக்கம், குழு எழுத்தர் பேனாவைக் குறிப்பேட்டின் மேல் வைத்துத் தயாராக இருந்தார். நடவடிக்கைக் குறிப்பு.

"தெரியும் மேடம்" என்றாள் கடுகு. "சொல்ல மாட்டேன்."

"என்னது?" என்றார் கான்கிரீட் சார்.

"சொல்ல மாட்டேன் சார். இங்க எழுதுறது எல்லாத்துக்கும் ஒரு காப்பி அந்தச் சலவைக்கூட மேனேஜருக்குப் போகும். நானே எழுதிக் கொடுத்திருக்கேன். யாரும் கேக்கலை, பந்தாவுக்காக எழுதினேன். ஃபாரத்துல வயசு இருக்கு, எத்தனை வருஷ வேலைன்னு இருக்கு. சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாதவங்க அங்க ஒரே ஆள்தான். அஞ்சு போட்டது யாருன்னு கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம் போதும்."

கடுகு மேலே போனாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"என்னைப் பத்தி வேணா எழுதிக்கோங்க. முப்பத்தொண்ணாம் பக்கத்துல, ஒவ்வொருத்தரையும் நேர்ல பார்த்து நிரப்பினேன்னு எழுதியிருக்கேன். அது பொய். நான் போகலை. ஒரு நாள் போனேன், கேலி பண்ணினாங்க, ரோஷம் வந்துடுச்சு. கட்டா கொடுத்தனுப்பிட்டு லைப்ரரியில உட்கார்ந்திருந்தேன். 'வலியின் ஒருமை'ன்னு பதினோரு பக்கம் எழுதியிருக்கேன். அதைத் தயவுசெஞ்சு யாரும் படிக்காதீங்க."

"படிச்சுட்டேன்" என்றார் பூச்சி சார் வருத்தமாக.

கல்வெட்டு மேடம் நாற்பத்தேழாவது படிவத்தைக் கட்டின் நடுவில் செருகி, கட்டை நாடாவால் கட்டினார். பிறகு எழுத்தரிடம், "அழிச்ச தடம் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, இவளும் ஒண்ணும் சொல்லலை. எழுதாதீங்க" என்றார்.

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். படிவங்களை மாணவி தானே நிரப்பியதற்குச் சான்று இல்லை. ஆனால் ஆய்வு நடந்த முறை பற்றிப் பொய்யான கூற்று உள்ளது. ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது. ஆறு மாதத்தில் புதிதாகக் கள ஆய்வு செய்து, புதிதாக எழுத வேண்டும்.

"ஒரு விஷயம்" என்றாள் கடுகு. "இந்தத் தடவை காப்பி யாருக்கும் போகக் கூடாது. மேனேஜர்கிட்ட அனுமதியும் கேக்க மாட்டேன். வேலை முடிஞ்சு வெளியில வந்தப்புறம்தான் பேசுவேன்."

"சரி. வயசும் வருஷமும் போடாதே" என்றார் கல்வெட்டு மேடம்.

அத்துடன் நன்றி சொல்லி எழுந்திருந்தால் அவள் கடுகு அல்ல. "இன்னொண்ணு. நான் பொய் எழுதினது தப்பு. அதைப் படிக்காமலேயே ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது பத்தித் தீர்ப்புல எதுவும் வரலையே?"

கைடு மேடம் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ கண்டுபிடித்தார்.

"அது இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது" என்றார் கான்கிரீட் சார், இறுகி.

"வராதுன்னு தெரியும் சார். கேட்டு வச்சேன்."

வீட்டில் சொன்னபோது அம்மா ஓடிவந்து அணைத்துக்கொள்வாள் என்று கடுகு எதிர்பார்த்தாள். அந்தக் காட்சிக்காகப் பேருந்திலேயே முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அம்மா கையிலிருந்த பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"அந்த இடம் போச்சா?"

"போச்சு. ஒண்ணாம் தேதிக்குள்ள சர்டிபிகேட் வராது."

"முந்நூறு பேர்ல நாலு பேர்னியே, அந்த இடமா?"

"ஆமாம்மா."

"உன்னை யாருடி எங்களுக்கு வக்கீலா வச்சது? பத்தொன்பது வருஷமா எங்களைப் பார்த்துக்கத் தெரியாதா எங்களுக்கு? சொல்லியிருந்தா என்ன, நாங்க அறுபது பேரும் அப்படி இல்லவே இல்லைன்னு ஒரே வாயா சாதிச்சிருப்போம்ல!"

இதுவரை தோன்றாத நான்காவது வழி. மூன்று நாள் கண்ணாடி முன் நின்றவளுக்கு இது தோன்றவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதும் தோன்றவில்லை. இரண்டு நாள் அம்மா சாப்பாட்டைத் தட்டில் வைத்த சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். இடம் வேண்டாமென்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைக் கடுகு ஞாயிற்றுக்கிழமை எழுதினாள். நான்கே வரி. கனம் சேர்க்க எதையும் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை மாலை வேலை விடும் நேரத்தில் சலவைக்கூட வாசலுக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் போய் நின்றாள். படிவம் இல்லை. சின்னக் குறிப்பேடு ஒன்றும் பேனாவும் மட்டும். பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். லீடரக்கா அவளைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி போனாள். அம்மா பார்த்தாள், கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பிவிட்டாள். கன்னம் கிள்ளியவள் தூரத்திலிருந்தே, "இன்னொரு தாளா? ஆளை விடு தாயே!" என்று கும்பிட்டாள். இருபது நிமிடத்தில் வாசல் காலியானது.

கடைசியாக ஒருத்தி வந்தாள். சூட்டு உருளையில் விரிப்பு கொடுப்பவள், ஐம்பது வயது இருக்கும். அவள் வீடு பேருந்து போகாத பக்கம். சாலையைக் கடந்து நேராகக் கடுகிடம் வந்தாள்.

"நாலு தெரு என்கூட நடக்க முடியுமா?"

"முடியும்க்கா."

"நட. நின்னு பேசினா கண்ணு உறுத்தும்."

நடந்தார்கள். கடுகு குறிப்பேட்டைத் திறந்து, தொண்டையைச் செருமி, "முதுகுவலி உங்களுக்கு எப்போலேர்ந்து..." என்றாள்.

"எனக்கு முதுகு வலிக்காது."

"வலிக்காதா?"

"ஒருநாளும் வலிச்சதில்ல. எனக்கு மணிக்கட்டு. உருளைக்குள்ள விரிப்பை விடும்போது ஈரத்துணி கனத்தைக் கையை மடக்கித் தூக்கணும். ராத்திரி தலைமுடியைக்கூட என்னால முடிய முடியாது, என் வீட்டுக்காரர்தான் முடிஞ்சு விடுறார். அசிங்கமா முடிவார்." அவள் நின்று, கடுகின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள். "உன் பழைய தாள்ல இருபத்து நாலு கேள்வி இருந்துச்சே, எதுலயாவது மணிக்கட்டு இருந்துச்சா?"

"இல்லக்கா."

"ஏன்?"

அந்தக் கேள்விகளைக் கடுகு ஒரு புத்தகத்திலிருந்து எடுத்திருந்தாள். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு முதுகு வலித்திருக்க வேண்டும்.

"தெரியலைக்கா."

"உருளையில நாங்க பதினாலு பேரு. பதினாலு பேருக்கும் கைதான். மேசைக்காரிங்க ரெண்டு, மூணுன்னு சண்டை போடும்போது நாங்க பேசாம இருந்தோம், இது நம்ம பரீட்சை இல்லைன்னு." அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "அதை மூடி வை. எழுதிக்கிட்டே நடந்தா குழியில விழுவே."

கடுகு குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். தெருமுனை திரும்பியதும் கேட்டாள்.

"வலது கையா, இடது கையாக்கா?"

"ரெண்டும்தான். வலது ஜாஸ்தி. இரு, முதல்ல இடதைச் சொல்றேன், அதுதான் முதல்ல வந்துச்சு."